சனிக்கிழமைகளைத் திருப்பிக் கொடுங்கள்

கலைக்கூட நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மொத்தம் ஆறு வரிகள். கீழ்த்தள அறையை, ஆட்டிசம் உள்ளவர்களான எங்கள் ஓவியக் குழுவுக்குச் சனிக்கிழமைதோறும் தருவது இனி இயலாது. பார்வையாளர்களிடமிருந்து புகார் வந்திருக்கிறது. 'சிகிச்சை சார்ந்த நிகழ்வுகளுக்கு' இந்தக் கூடம் ஏற்ற இடமில்லை. வேறு நாள் கேட்டு விண்ணப்பிப்பதாக இருந்தாலும் ஒவ்வொருவரும் மருத்துவர் சான்றும் உடன் ஒரு பாதுகாவலரும் கொண்டு வர வேண்டும். கடைசி வரியில் ஓர் அறிவிப்பு: உலக ஆட்டிசம் நாளான ஏப்ரல் 2 அன்று பெரிய அரங்கை இலவசமாகத் தருகிறீர்கள், 'புற உலகச் சிந்தனையற்ற குழந்தைகளின் திறமையை' ஊர் பார்ப்பதற்காக.

எங்கள் குழுவில் குழந்தைகள் யாரும் இல்லை. இளையவருக்கு வயது 22. மூத்தவருக்கு 51.

இதற்கு நான் மூன்று முறை பதில் எழுதினேன். மூன்றுக்கும் உங்களிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கூடத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. எங்களுக்கு அந்த அறை வேண்டும், அவ்வளவுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். மையில் கோட்டோவியம் வரைகிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது 29 வயதில்தான் தெரிந்தது. அதுவரை பள்ளியிலும் கல்லூரியிலும் வேலையிடத்திலும் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: யாரோடும் சேரமாட்டாள். நானும் அதை நம்பியிருந்தேன். 2019-ல் நாங்கள் நான்கு பேர் முதல்முறையாக உங்கள் கீழ்த்தள அறையில் உட்கார்ந்து வரைந்தோம். அன்று மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. எழுந்து வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தலைவலி இல்லை. மனிதர்களோடு ஒரு முழுக் காலையைக் கழித்துவிட்டுத் தலைவலி இல்லாமல் நான் வீடு திரும்பியது அதுவே முதல் தடவை. இப்போது நாங்கள் 14 பேர். மூவர் வாயால் பேசுவதில்லை. ஒருவர் கைப்பேசியில் தட்டச்சு செய்வார், ஒருவர் எழுத்துப் பலகையில் விரல் வைத்துக் காட்டுவார், இன்னொருவருக்கு இரண்டும் வேண்டாம், அவர் படத்தை நகர்த்தி வைப்பார்.

உங்கள் குழுவில் ஒருவர், நாங்கள் நேரில் வந்து பேசியபோது, கேட்டார்: "ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூட மாட்டேங்கறாங்க. முகத்தைக்கூடப் பார்க்கறதில்லை. இதுல என்ன குழு?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆகவே இந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். மற்ற எல்லாமே இதில்தான் இருக்கிறது.

காலை 10 மணிக்கு வருவோம். அவரவர் இடம் அவரவருக்கு. ஏழு வருடமாக அது மாறவில்லை. ஜன்னல் ஓரம் பேருந்து வரையும் அண்ணன். அவருக்கு 43 வயது. சென்னை மாநகரப் பேருந்துகளைத் தவிர வேறு எதையும் அவர் வரைந்து நான் பார்த்ததில்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யை மட்டும் நூற்றுக்கணக்கான முறை வரைந்திருப்பார். ஒவ்வொன்றும் வேறு நேரத்துப் பேருந்து. காலை எட்டரை மணி வண்டியில் படிக்கட்டு வரை ஆட்கள் தொங்குவார்கள். மதியம் இரண்டு மணி வண்டியில் பின் இருக்கையில் ஒருவர் தூங்குவார். வழியில் நிற்கும் நிறுத்தங்களெல்லாம் படத்துக்குக் கீழே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் கடிதம் இவரைத்தான் புற உலகச் சிந்தனையற்றவர் என்கிறது. அந்தச் சொல்லை நீங்கள் உண்டாக்கவில்லை, அரசுக் காகிதங்களில் புழங்குவதுதான். ஆட்டிசத்துக்கு வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் அப்படியே. இருந்தாலும் ஒரு சொல்லை எழுதும் முன் அது யார் மேல் விழுகிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாம். நாங்கள் எங்களை ஆட்டிசம் உள்ளவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். அதையே நீங்களும் சொல்லலாம்.

அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் கோலம் போடும் அக்கா. தாளில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவார். நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கை எடுக்காமல் ஒரே கோட்டில் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிப்பார். அண்ணனின் தாளை வேறு யாராவது தொட்டால் அவருக்குத் தாங்காது. ஒருமுறை தவறுதலாக என் முழங்கை பட்டதற்கே அறையை விட்டு வெளியே போய்விட்டார். அப்படிப்பட்டவர், அக்கா வந்து சேர்ந்து எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பேருந்தின் பக்கவாட்டில் ஒரு பட்டையை வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை இடப்பக்கம் ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். எதுவும் சொல்லவில்லை. அக்காவும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பட்டையில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டார். தாள் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு பட்டை காலியாக இருக்கும். இப்போது அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த படங்கள் 60-க்கு மேல் இருக்கின்றன. அவர்களுக்குள் வாய்ப்பேச்சு இன்றுவரை இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். பேசாத தம்பி ஒருவர் இருக்கிறார். சிவப்புத் தாளை மட்டும் கிழித்து ஒட்டுவார். விளம்பரத் துண்டு, மிட்டாய் உறை, கல்யாணப் பத்திரிகை, சிவப்பாக எது கிடைத்தாலும் சரி. போன வருடம் அவருக்கு டெங்கு வந்து மூன்று வாரம் வரவில்லை. அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது வாரம் பேருந்து அண்ணன் ஒரு பேருந்தைத் தலை முதல் சக்கரம் வரை சிவப்பில் வரைந்தார். உண்மையில் அந்தப் பேருந்து என்ன நிறமோ அதைத்தான் அவர் எப்போதும் அடிப்பார், ஒரு சாயல்கூட மாற்றமாட்டார். அதை அந்தக் காலி நாற்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அதைச் சுற்றி நாங்கள் கொண்டு வந்து சேர்த்த சிவப்புத் துண்டுகள் ஒரு சின்னக் குவியலாகிவிட்டன. யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

2020-ல் ஊரடங்கு வந்தபோது எங்களில் பாதிப்பேருக்கு வீடியோ அழைப்பு ஒத்து வரவில்லை. முகங்கள் நின்று நின்று நகர்வதும் குரல் விட்டுவிட்டு வருவதும் தாங்க முடியாது. அஞ்சலட்டை வாங்கினோம், ஒன்று 50 காசு. ஒருவர் பாதி வரைந்து அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் மீதியை வரைந்து மூன்றாமவருக்கு அனுப்புவார். தபால் தாமதமாகத்தான் வந்தது. வந்தவரை வந்தது. அந்த அட்டைகள் இன்னும் என் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. நேரில் கொண்டு வந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இதைக் குழு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் அனுபவம் மட்டும் போதாது என்றால், ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே புரிதல் தடுக்குவது ஒரு பக்கத்தின் குறையால் மட்டும் வருவதல்ல, இரு பக்கமும் மற்றவரைப் படிக்கத் தெரியாமல் நிற்கிறார்கள் என்றார். 2020-ல் எடின்பரோவில் ஓர் ஆய்வுக் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. நாம் சின்ன வயதில் வரிசையாக உட்கார்ந்து காதில் ஒன்றைச் சொல்லி அடுத்தவருக்குக் கடத்தி விளையாடுவோமே, அதே போலத்தான். எட்டு எட்டுப் பேராக நிறுத்தி ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்களின் வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. அப்புறம் 2025-ல் இதையே முன்னூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தபோது கலந்து நின்ற வரிசையும் பின்தங்கவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது. எங்களுக்குள் பேச்சு ஓடுகிறது. உங்களோடும் ஓட முடியும். அதற்கு ஒரே இடத்தில் இருக்க விட வேண்டும்.

இப்போது ஜனவரியில் நடந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் 'புகார்' என்ற ஒரே சொல்லில் அது முடிந்துவிட்டது.

அன்று மேல்தளத்தில் ஒரு கண்காட்சித் திறப்பு விழா. எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. பதினொன்றரை மணிக்கு ஒலிபெருக்கியைச் சோதித்தபோது அது கீச்சென்று கத்தியது, ஒருமுறை இல்லை, ஐந்தாறு முறை. சிவப்புத் தாள் தம்பி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார், உரக்க முனகினார். அவருக்கு அது வலி. நாம் சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுப்பது போன்றது அந்த ஆட்டம். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கியிருக்கும். ஆனால் விழாவுக்கு வந்தவர்களில் இரண்டு பேர் கதவருகே நின்று கைப்பேசியில் அவரைப் படம் எடுத்தார்கள். நான் எடுக்க வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. உங்கள் அலுவலர் ஒருவர் வந்தார். படம் எடுத்தவர்களிடம் ஒன்றும் சொல்லாமல், தம்பியை வெளியே அழைத்துப் போகச் சொன்னார். நல்ல வெயில். தம்பியின் அம்மா வரும் வரை வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றோம். அவர் செய்துகொண்டிருந்த படம் மேசை மேலேயே கிடந்தது. அடுத்த வாரம் நான் கேட்டபோது, துப்புரவு செய்கையில் குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

நான்கு மாத வேலை அது.

எங்களால் உங்களுக்குத் தொந்தரவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சத்தம் வரும். ஒருமுறை கறுப்பு அக்ரிலிக் டப்பா கவிழ்ந்து தரையில் கறை பட்டது, நாங்களே மண்ணெண்ணெய் கொண்டு வந்து துடைத்தோம், முழுதாகப் போகவில்லை. ஏழு வருடம் வாடகை வாங்காமல் அறை தந்தீர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. உங்கள் காவலாளி அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சோக் போட்ட டியூப்லைட்டுகள் அந்த அறையில் ஆறு இருக்கின்றன. அவை நொடிக்கு 100 முறை மினுக்கும். பெரும்பாலானோர் கண்ணுக்கு அது தெரியாது. எங்களில் பலருக்குத் தெரியும், அரை மணியில் கண் வலிக்கும். எப்போதோ ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் வருவதற்கு முன் அவற்றை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவார் அவர். எந்தப் பயிற்சியும் யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஒரு செலவும் ஆகவில்லை. நாங்கள் கேட்பதில் பெரும்பாலானது இந்த அளவுதான்.

'சிகிச்சை' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதே கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்றவர்கள் நீர்வண்ணம் பழகுகிறார்கள். மனம் லேசாகிறது என்று அவர்களும் சொல்வார்கள். அதை நீங்கள் ஓவிய வகுப்பு என்றுதான் அழைக்கிறீர்கள், அதுதான் சரி. அவர்களிடம் மருத்துவர் சான்று கேட்டதில்லை. எங்கள் கையில் தூரிகை இருந்தால் மட்டும் அது எப்படி மருந்தாகிவிடுகிறது? வரைவதால் எங்களுக்கு நன்மை உண்டா என்றால் உண்டு. ஆனால் நாங்கள் குணமாவதற்காக வரவில்லை. படம் செய்ய வருகிறோம். அக்காவுக்கு ஒரு கோட்டை எங்கே வளைப்பது என்பதுதான் அன்றைய கவலை.

அந்தச் சந்திப்பில் இன்னொரு கேள்வியும் வந்தது. "ஒரு ஊரை ஒரே தடவை பார்த்துட்டு அப்படியே வரையறவங்க யாராவது உங்கள்ல இருக்காங்களா?" ஸ்டீவன் வில்ட்ஷயரை மனதில் வைத்துக் கேட்டிருப்பார்கள். லண்டன்காரர், ஆட்டிசம் உள்ளவர், ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றி வந்துவிட்டு டோக்கியோவை 10 மீட்டர் நீளத் துணியில் நினைவிலிருந்து வரைந்தவர். அவர் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதிசயம் செய்து காட்டினால்தான் உள்ளே இடம் என்ற விதி வேறு எந்த ஓவியருக்கும் இல்லையே. சாதாரணமாக வரையவும், மோசமாக வரைந்து கிழித்துப் போடவும், பத்து வருடம் பழகி மெல்லத் தேறவும் எங்களுக்கும் இடம் வேண்டும்.

நென்னா காலுவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலை உலகில் இருப்பவர்கள் நீங்கள். 2025 டிசம்பரில் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆட்டிசம் உள்ளவர், அதிகம் பேசாதவர். பழைய வீடியோ கேசட் நாடா, துணி, ஒட்டுநாடா என்று சுற்றிச் சுற்றிப் பெரிய கூடுகளைப் போலத் தொங்கவிடுவார். சுழல் போன்ற கோடுகளை ஒரே மாதிரி இரண்டு மூன்று தாள்களில் அடுத்தடுத்து வரைவார். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. செய்தியில் பரிசுத் தொகையும் கைதட்டலும் வந்தன. நான் தேடிப் படித்தது வேறொன்று. அவர் 1999-லிருந்து ஒரே கலை அமைப்போடு வேலை செய்து வருகிறார். வாராவாரம், அவருடைய வழக்கத்தை அறிந்த அதே மனிதர்களோடு. அந்த அமைப்பின் வேலைக்கூடங்களில் ஒன்று மற்ற ஓவியர்களும் வேலை செய்யும் ஒரு கலை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கால் நூற்றாண்டு யாரும் அந்த வாரத்தை அவரிடமிருந்து பிடுங்கவில்லை. பரிசு அதற்குப் பிறகுதான் வந்தது.

அமெரிக்காவில் ஓக்லாந்தில் 1974-ல் காட்ஸ் தம்பதி தொடங்கிய கிரியேட்டிவ் குரோத் என்ற கூடமும் அப்படித்தான். மனநலக் காப்பகங்களிலிருந்து ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. போக இடமில்லாதவர்களுக்கு மேசையும் வண்ணமும் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்யும் டான் மில்லர் ஆட்டிசம் உள்ளவர். சொற்களின் மேல் சொற்களை எழுதி, படிக்க முடியாத அளவுக்கு அடர்த்தியாக்குவார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கி வைத்திருக்கிறது. 2017-ல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவை தொங்கின.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்டால், சரி, நம் ஊருக்கே வருகிறேன். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியப் பள்ளியில் அவரிடம் படித்தவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடற்கரையோர மணலில் நிலம் வாங்கினார்கள். படம் விற்றாலும் விற்காவிட்டாலும் சேர்ந்து வாழவும் வேலை செய்யவும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். அங்கே இருந்தவர்களில் ஒருவர் கே. ராமானுஜம். கனவு மாளிகைகளையும் பறக்கும் உருவங்களையும் மையில் இழை இழையாக வரைந்தவர். மனிதர்களோடு பழகுவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை, மனநோயும் வருத்தியது. அவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் சொல்லவில்லை, இறந்தவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்ட எனக்கு உரிமை இல்லை. 1973-ல் இளம் வயதிலேயே போய்விட்டார். ஓர் இடமும் சில தோழர்களும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் வாழ்க்கை சொல்லவில்லை. ஆனால் அந்த இடம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் படங்களில் எத்தனை இன்று நம்மிடம் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உங்கள் நூலகத்தில் அவர் படங்கள் உள்ள புத்தகம் ஒன்று இருக்கிறது. நான்தான் அதை அதிகம் எடுத்துப் பார்த்திருப்பேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாங்கள் கேட்பது தர்மம் என்று உங்கள் கடிதம் நினைப்பது போலிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. 29-ஆம் பிரிவு முழுவதும் பண்பாட்டு வாழ்க்கையைப் பற்றியது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் தங்கள் திறனை வளர்த்துக்கொள்ள வசதியும் ஆதரவும் தருவது, கலையை எல்லோருக்கும் எட்டும்படி செய்வது, கலைப் படிப்புகளை அவர்களும் பங்கேற்கும்படி மாற்றி அமைப்பது ஆகியவற்றை அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் கூடம் அரசு மானியத்தில் நடக்கிறது. 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் கூறு இன்னும் ஒரு படி மேலே போகிறது. எங்கள் படைப்பாற்றல் எங்கள் நன்மைக்கு மட்டுமல்ல, சமூகம் வளம் பெறுவதற்கும்தான் என்று அது எழுதி வைத்திருக்கிறது. நான் இதை வைத்து வழக்குப் போடப் போவதாகச் சொல்லவில்லை. நீங்கள் கடிதம் தயாரித்தபோது இந்தப் பக்கங்களை யாரும் புரட்டவில்லை என்று தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 2 பற்றி ஒன்று. உலக ஆட்டிசம் நாளை ஐ.நா. அறிவித்தது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பெரிய அரங்கு, ஒலிபெருக்கி, நீல விளக்கு, விருந்தினர் உரை, பொன்னாடை, கைதட்டல், இவை அத்தனையும் எங்களில் பலரை நோகடிக்கும் விஷயங்கள். மேடையில் நிற்க வைத்து ஒரு நாள் கைதட்டிவிட்டு 52 சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்வதை நாங்கள் ஏற்க முடியாது. அந்த அரங்கு எங்களுக்கு வேண்டாம்.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

கீழ்த்தள அறை, சனிக்கிழமை, காலை 10 முதல் 1 வரை. குறைந்தது ஒரு வருடத்துக்கு எழுத்தில் உறுதி வேண்டும். வேறு அறையோ வேறு கிழமையோ தருவதாகச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது சிறிய மாற்றம், எங்களில் சிலருக்கு அது மறுபடி ஒரு வருட வேலை. மருத்துவர் சான்று, பாதுகாவலர் என்ற நிபந்தனையை நீக்குங்கள். துணை தேவைப்படுபவர்கள் துணையோடுதான் வருகிறார்கள், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மேல்தளத்தில் ஒலிபெருக்கி வைக்கும் நாள் இருந்தால் ஒரு வாரம் முன்பு சொல்லுங்கள். அன்று நாங்கள் காதடைப்பானோடு வருவோம், அல்லது வராமல் இருப்போம், அது எங்கள் முடிவாக இருக்கட்டும். ஆறு டியூப்லைட்டுகளையும் மினுக்காத எல்.இ.டி. விளக்குகளாக மாற்றுங்கள். பணம் இல்லை என்றால் நாங்கள் வாங்கித் தருகிறோம், மாட்ட அனுமதி மட்டும் போதும்.

அனுமதி இல்லாமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று வாசலில் எழுதி வையுங்கள். அன்று விழாவுக்கு வந்தவர்கள் உங்கள் விருந்தினர்கள், அவர்களைத் தொடர்புகொள்ள உங்களால் முடியும். அந்தக் காட்சியை அழிக்கச் சொல்லுங்கள். தம்பியிடமும் அவர் அம்மாவிடமும் குழுவின் சார்பில் ஒருவர் நேரில் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவர் பேசமாட்டார், ஆனால் எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். குப்பைக்குப் போன படத்தைப் பற்றியும் அவரிடமே சொல்லுங்கள். அது எங்கே என்று அவர் இன்னும் மேசைக்கடியில் தேடுகிறார் என்று அவர் அம்மா சொன்னார், வீட்டு மேசைக்கடியில்.

உங்கள் ஆண்டுக் கண்காட்சிக்கு மற்றவர்களைப் போலவே நாங்களும் படம் அனுப்புவோம். தேர்வுக் குழு அதே அளவுகோலில் பார்க்கட்டும். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். தேறினால் எங்கள் பெயரும் விலையும் போட்டு, மற்றப் படங்களுக்கு நடுவே தொங்கவிடுங்கள். 'சிறப்புப் பிரிவு' என்று தனிச் சுவர் வேண்டாம். எங்களைப் பற்றி முடிவு எடுக்கும் கூட்டம் எதுவாக இருந்தாலும் அதில் எங்களில் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்துதான் பேசுவார், அதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். எங்களில் பலரால் தொலைபேசியில் கேட்டதைப் பிடித்து வைக்க முடியாது. எழுத்தில் தாருங்கள், இந்த மாத இறுதிக்குள்.

அதில் நாங்கள் திரும்ப வரும் சனிக்கிழமை எது என்று தேதி போட்டு எழுதுங்கள். பேருந்து அண்ணன் இந்த மூன்று வாரமும் காலை 10 மணிக்கு உங்கள் கீழ்த்தள வாசலில் வந்து நின்றிருக்கிறார். கதவு பூட்டியிருக்கிறது என்று சொன்னால் புரிந்துகொள்கிறார், எப்போது திறக்கும் என்று எழுதிக் காட்டச் சொல்கிறார். அவரிடம் காட்ட என்னிடம் இப்போது எந்தத் தேதியும் இல்லை.

சனிக்கிழமை ஓவியக் குழுவிலிருந்து,
மையில் வரைபவள்